நடுக்கம் நின்றால் நிம்மதி வேண்டாம்

குளிர்கால மலை நடையிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவரைத் தூக்கி வரும் நண்பர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்: "வழியெல்லாம் கேட்டுக்கிட்டேதான் டாக்டர் வந்தோம், நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னான்." அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

உடலின் உள்வெப்பநிலை வழக்கமாக 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அது 35க்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. இரண்டே டிகிரிதான். காய்ச்சலில் இரண்டு டிகிரி ஏறினால் வீடே பரபரக்கும். இறங்கினால் யாருக்கும் தெரிவதில்லை. இறங்க இறங்க மூளை மந்தமாகிறது. தனக்கு ஆபத்து என்று உணர வேண்டிய உறுப்பே மங்கிப்போவதால், "குளிருதா?" என்று அவரையே கேட்டுத் திருப்தி அடைவதில் பயனில்லை. கூட வருபவர்கள்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? கலகலப்பாக வந்தவர் திடீரென்று எரிந்து விழுவார், அல்லது பேச்சே நின்றுவிடும். ஜிப்பை இழுக்க விரல் வராது. சமதரையில் கால் இடறும், வார்த்தை குழறும். சந்தேகம் வந்தால் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லுங்கள். (கணக்கில் எப்போதுமே தடுமாறுகிறவர் யார் என்பது நண்பர்களுக்குத் தெரியும்தானே.) கடுமையான நடுக்கம் உடல் இன்னும் போராடுகிறது என்பதற்கு அடையாளம். 32 டிகிரியை நெருங்கிக் கீழே போகும்போது அது அடங்கிவிடும். சோர்ந்து கிடப்பவரின் நடுக்கம் நின்றால் "சூடாகிட்டான்" என்று நினைக்கவே கூடாது. சிலர் அந்தக் கட்டத்தில் வேர்க்கிறது என்று சொல்லி உடையைக் கழற்றுவதும் உண்டு.

இதற்கெல்லாம் பனி கொட்ட வேண்டியதில்லை. பூஜ்ஜியத்துக்கு மேலே பத்து டிகிரியிலும், மழையும் காற்றும் சேர்ந்தால் நடக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அந்தத் தண்ணீர் வானத்திலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை, உங்கள் வியர்வையே போதும். ஏறும்போது மேலாடையைக் கழற்றிப் பையில் வையுங்கள், நின்றவுடன் போட்டுக்கொள்ளுங்கள். பருத்தி பனியன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி அல்லது செயற்கை இழை மேல்.

நண்பர் குழுக்களுக்கென்றே ஒரு பழக்கம் உண்டு. வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்பிவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வும் இல்லை, சாப்பாடும் இல்லை. தளர்ந்துபோகும் முதல் ஆள் பெரும்பாலும் அவர்தான். அவரை முன்னால் நடக்க விடுங்கள்.

நேரக் கணக்குக்கு 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஓய்வு இதில் சேராது. குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும். கைப்பேசி பேட்டரியும் குளிரில் வேகமாகக் கரையும், அதனால் அதை உடலோடு ஒட்டிய பையில் வையுங்கள்.

ஒருவர் தளர்ந்துவிட்டார், சரி, என்ன செய்வது? காற்று படாத இடத்தில் உட்கார வைத்து, ஈர உடையை மாற்றி, தொப்பி போடுங்கள். அடியில் பை, கயிறு, பாய் எது கிடைத்தாலும் விரியுங்கள், தரைதான் நிறைய வெப்பத்தை உறிஞ்சும். தெளிவாக விழித்திருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். மது வேண்டவே வேண்டாம். அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, சூடான உணர்வைக் கொடுத்துக்கொண்டே உள்வெப்பத்தை வெளியேற்றும். கைகால்களைத் தேய்க்க வேண்டாம்.

மயக்க நிலைக்குப் போகிறவரை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். படுக்க வைத்து, மெதுவாகக் கையாண்டு, மீட்புக் குழுவை அழையுங்கள். குளிர்ந்த இதயம் சிறு உலுக்கலுக்கே தாளம் தப்பக்கூடும். மூச்சும் நாடியும் மிக மெதுவாக இருக்கும் என்பதால் ஒரு நிமிடம் வரை பொறுமையாகப் பாருங்கள். மூச்சும் நாடியும் இல்லையென்றால் இதய இயக்க மீட்பு முதலுதவியை (CPR) தொடங்குங்கள். ஆள் சில்லென்று கிடப்பதை வைத்து உயிர் போய்விட்டதென்று முடிவுகட்டாதீர்கள். 1999இல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் ஓடைநீரில் சிக்கிய ஒரு பெண்ணின் உடல் வெப்பம் 13.7 டிகிரி வரை இறங்கியது. அவர் பிழைத்தார்.

அப்புறம், கிளம்புவதற்கு முன் கேட்டுவிடுங்கள்: யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு நெஞ்சுவலி, யார் இன்சுலின் போடுகிறார்கள்? குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்று குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். இன்சுலினை உறைய விடாமல் உள் உடையில் வைத்துக்கொள்ளுங்கள், உறைந்த இன்சுலினை மறுபடி பயன்படுத்தக் கூடாது.