படிகாரக் கல்லின் மூன்று பிளஸ்

"சலூன்ல வச்சிருக்கிற மாதிரி அரை பிளேடு போடுற கத்தி வாங்கினேன், தாடையெல்லாம் கீறல், படிகாரம் தடவினா சட்டுன்னு ரத்தம் நிக்குது, அது எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: ஏன் வெட்டுகிறது, எப்படி நிற்கிறது. முதலாவதை வேகமாக முடித்துவிடுகிறேன், என் ஆசையெல்லாம் இரண்டாவதின் மேல்.

சாதாரண சேஃப்டி ரேசரில் பிளேடுக்கு முன்னால் ஒரு தடுப்பு உண்டு. தோல் எவ்வளவு தூரம் விளிம்பை நெருங்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. சலூன் கத்தியில் அது கிடையாது, உங்கள் மணிக்கட்டுதான் தடுப்பு. அதோடு, கூரான விளிம்பை நேராக அழுத்துவதைவிடப் பக்கவாட்டில் இழுத்தால் மிகக் குறைந்த விசையிலேயே வெட்டிவிடும். பழுத்த தக்காளியைக் கத்தியால் அமுக்கினால் நசுங்குகிறது, லேசாக இழுத்தால் துண்டாகிறது அல்லவா, கன்னமும் அப்படித்தான். அனுபவமுள்ள முடிதிருத்துநர் ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியை 30 டிகிரி அளவுக்குச் சாய்த்து, விளிம்புக்குச் செங்குத்தாக மட்டுமே நகர்த்துவார். நாம் கண்ணாடியைப் பார்த்துக் குழம்பிப் பக்கவாட்டில் ஒரு இழு இழுத்துவிடுகிறோம். பழைய பிளேடும் வேண்டாம். முடியைவிட எஃகு சுமார் 50 மடங்கு கடினமானது, ஆனாலும் முடி ஒரு கோணத்தில் வளைந்து மோதும்போது எஃகின் விளிம்பிலிருந்து நுண்ணிய சில்லுகள் பெயர்ந்து விழுவதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்துக் காட்டினார்கள்.

சரி, வெட்டிவிட்டது. தோலின் மேலடுக்கில் ரத்தக்குழாயே இல்லை. ஆனால் அடியிலிருக்கும் அடுக்கு சின்னச் சின்ன மேடுகளாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு மேட்டுக்குள்ளும் தந்துகிகள் என்கிற மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் வளைந்து திரும்பும். பிளேடு அந்த மேடுகளின் தலையைச் சீவினால் புள்ளி புள்ளியாகச் சிவப்பு துளிர்க்கிறது. முகத்தில் தந்துகிகள் ஏராளம், வெந்நீரில் கழுவியதால் அவை விரிந்தும் இருக்கின்றன, அதனால் காயத்தின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் ரத்தம் வரும். அப்புறம் உடல் செய்வதெல்லாம் பள்ளியில் படித்ததுதான்: குழாய் சுருங்கும், தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும், ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை பின்னும். இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும், படிகாரமோ சில விநாடிகளில் வேலையைக் காட்டிவிடுகிறது.

இங்கேதான் வேடிக்கை. படிகாரம் என்பது பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்ஃபேட். ஈரத்தில் கரைந்ததும் அலுமினியம் அயனியாகப் பிரிகிறது, அதன் தலையில் மூன்று பிளஸ் மின்சுமை. ரத்தப் புரதங்களும் சிவப்பணுக்களின் மேற்பரப்பும் மைனஸ். எல்லாமே மைனஸ் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒட்டாமல் மிதந்துகொண்டே இருக்கின்றன. கலங்கிய ஆற்றுத் தண்ணீரில் களிமண் துகள்கள் நாள் முழுக்க அடியில் படியாமல் மிதப்பதும் இதே சங்கதிதான். பிளஸ் அயனிகள் வந்து சூழ்ந்துகொண்டால் தள்ளுவிசை மங்கும், துகள்கள் நெருங்கும், நெருங்கிவிட்டால் மூலக்கூறுகளுக்கு இடையேயான கவர்ச்சி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். திரண்டுவிடும்.

ஒரு பிளஸ் உள்ள சோடியத்தைவிட மூன்று பிளஸ் உள்ள அலுமினியம் எத்தனை மடங்கு திறமைசாலி? மூன்று மடங்கு என்றுதான் தோன்றும். இல்லை. எளிய கோட்பாட்டின்படி திரட்டும் திறன் மின்சுமையின் ஆறாம் அடுக்காக (அந்த எண்ணையே ஆறு முறை எழுதிப் பெருக்கினால் வருவது) ஏறுகிறது: இரண்டு பிளஸுக்கு 64 மடங்கு, மூன்று பிளஸுக்கு 729 மடங்கு! நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, ஆனாலும் போக்கு இதுதான். காயத்தில் உப்பை அள்ளிப் பூசினாலும் நடக்காதது ஒரு படிகாரத் தேய்ப்பில் நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கூடவே அலுமினியம் புரதங்களோடு நேரடியாகப் பிணைந்து அவற்றை உறைய வைக்கிறது, காயத்தின் ஓரத் திசுவும் சுருங்குகிறது. படிகாரக் கரைசல் அமிலம், அதனால்தான் அந்தச் சுரீர் எரிச்சல். ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: படிகாரம் உருவாக்குவது உண்மையான ரத்த உறைவு இல்லை, வாசலை அடைக்கும் ஒரு புரத மூடி. அதற்குக் கீழே உடல் தன் ஃபைப்ரின் வலையைச் சாவகாசமாகப் பின்னிக்கொள்கிறது.

மின்சுமை கூடக் கூடத் திரட்டும் திறன் தாவி ஏறும் என்ற இந்த விதிக்கு ஷூல்ஸே, ஹார்டி என்ற இரண்டு விஞ்ஞானிகளின் பெயர். ஷூல்ஸே 1882இல் ஆராய்ந்தது ஆர்சனிக் சல்ஃபைடு மிதக்கும் ஒரு மஞ்சள் கரைசலை. "இதனால் நாட்டுக்கு என்ன பயன், இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடு" என்று இன்றைய நிதிக்குழு கேட்டிருந்தால் அந்த மனிதர் என்ன எழுதியிருப்பார்? நகரங்களின் குடிநீர்ச் சுத்திகரிப்பில் அலுமினிய உப்பைக் கொட்டும்போதெல்லாம் வேலை செய்யும் விதிகளில் ஒன்று, அவர் அந்த மஞ்சள் கரைசலில் கண்டதுதான்.

ஒரு முக்கியமான விஷயம் பாக்கி. 1986இல் சென்னையில் நுண்ணுயிரியலாளர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். பிற்பாடு எய்ட்ஸ் பயம் பரவப் பரவ, சலூன்களில் தோல்வாரில் தீட்டும் கத்தி மறைந்து, ஆளுக்கொரு அரை பிளேடு வந்தது. நல்லதுதான். ஆனால் எச்.ஐ.வி. காய்ந்த இடத்தில் சீக்கிரம் வலுவிழந்துவிடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸோ உடலுக்கு வெளியே 7 நாள் வரைகூடத் தொற்றும் நிலையில் இருக்கும். "புது பிளேடு போடுங்கண்ணே" என்று கறாராகச் சொல்லும் நாம், அடுத்த பத்தாவது நிமிடம் ஊரார் கன்னமெல்லாம் தேய்ந்த அதே படிகாரக் கல்லுக்கு முகத்தை நீட்டுகிறோம். படிகாரம் கிருமிநாசினிதானே என்பவர்களுக்கு: சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான், அதை நம்பி ஒரே கல்லைப் பகிர முடியாது. செவ்வாய்க்கிழமை சவரம் ஆகாது என்று பயப்படுகிறவர்கள் அந்தப் பயத்தை இந்தக் கல்லின் மேல் வைத்தால் கொஞ்சமாவது உபயோகமாக இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் சொற்ப விலைக்கு ஒரு துண்டு வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். காயத்தில் காப்பித்தூள், சுண்ணாம்பு எல்லாம் வேண்டவே வேண்டாம்.

முதலில் குளிர்ந்த நீரில் கழுவி, சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் பாதி பின்னிய வலை பிய்ந்துவிடும். பிறகு கல்லை நனைத்துத் தொட்டால் போதும். ஆழமான வெட்டுக்குப் படிகாரம் கூடாது. இதயத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவர்களுக்குத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டாது, அதனால் ரத்தம் நிற்க நேரமாகும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கத்தியை வைத்துவிட்டு டிரிம்மருக்கு மாறுங்கள்.