முக்கா, மூலையா?

டீக்கடை தெருமுக்கில் இருக்கும். துடைப்பம் வீட்டு மூலையில் கிடக்கும். தமிழ் பேசுகிறவர்கள் இதை இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'கார்னர்' ஒன்றுதான். ஸ்பானிஷில் மறுபடி இரண்டாகப் பிரிகிறது: வெளியே நின்று பார்க்கும் முனை 'எஸ்கினா', உள்ளே இருந்து பார்க்கும் மூலை 'ரின்கோன்'. ஆகவே ஆங்கிலம் கேட்காத ஒரு கேள்விக்கு, ஸ்பானிஷுக்கு மொழிபெயர்ப்பவர் விடை கண்டுபிடித்தாக வேண்டும்: உள்ளேயா, வெளியேயா?

விடை பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் கிடைக்கும். 'ஆன் த கார்னர்' என்றால் அநேகமாகத் தெருமுக்கு. 'இன் த கார்னர்' என்றால் அறை மூலை. பக்கத்தில் வாயோ கண்ணோ வந்துவிட்டால் எஸ்கினா, ரின்கோன் இரண்டுமே உதவாது. வாயோரம் 'கோமிசூரா'. கடைக்கண்ணால் பார்ப்பதற்கு ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 'ரபியோ' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். அதற்கு நேர்ப்பொருள் குட்டி வால். நமக்குக் கண்ணின் கடை, அவர்களுக்குக் கண்ணின் வால்!

அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்பவர்கள் மாட்டுவது இங்கேதான். 'ஃபிஷ்' என்று தேடினால் 'பெஸ்', 'பெஸ்காதோ' இரண்டும் வரும். தண்ணீரில் நீந்துவது பெஸ். வலையில் சிக்கிச் சமையலுக்கு வந்தது பெஸ்காதோ. சொல்லின் பொருளே 'பிடிபட்டது'தான். (வாள்மீன் மட்டும் தட்டுக்கு வந்த பிறகும் 'பெஸ் எஸ்பாதா'தான். அது என்ன சலுகையோ!) கிடைத்த ஸ்பானிஷ் சொல்லை அகராதியின் மறுபக்கத்தில் திருப்பித் தேடி, எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்தால் பாதித் தவறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

இந்த வேலையைக் கணினிக்கு எப்படிச் சொல்லித்தருவது? அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் வீவர் 1949-இல் எழுதிய குறிப்பில் ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு சொல் தெரியும்படி அட்டையில் ஓட்டை போட்டுப் புத்தகத்தின் மேல் வையுங்கள். அந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று சொல்ல முடியாது. ஓட்டையை இருபக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கினால் ஒரு கட்டத்தில் பொருள் துலங்கிவிடும்.

1960-இல் மொழியியலாளர் யெகோஷுவா பார்-ஹில்லெல் இதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டார். அவர் சொன்ன உதாரணத்தில் ஒரு சிறுவன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான். அது 'பென்'னுக்குள் இருந்தது. 'பென்' என்றால் பேனா, ஸ்பானிஷில் 'ப்ளூமா'. குழந்தையை விளையாட விடும் சிறு அடைப்புக்கும் அதே பெயர், ஸ்பானிஷில் 'கொர்ரால்'. பெட்டி பேனாவுக்குள் போகாது என்று நமக்குத் தெரியும். ஆனால் அதை யாரும் தாளில் எழுதிவைப்பதில்லையே! ஓட்டையை எவ்வளவு அகலமாக்கினாலும் அது கண்ணில் படாது. அதனால் மனிதத் தரத்துக்கு இயந்திரம் தானாகவே மொழிபெயர்ப்பது நடக்காது என்றார் அவர்.

2017-இல் அறிமுகமான, கணினி மொழியைக் கையாள உதவும் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற அமைப்பு, வீவரின் ஓட்டையை வாக்கியம் முழுக்கத் திறந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லும் ஒரு நீண்ட எண்வரிசை. மற்ற சொற்களில் எது தனக்கு எவ்வளவு முக்கியம் என்று எடைபோட்டு, அதற்கேற்பத் தன் எண்களை அது மாற்றிக்கொள்ளும். பஸ், டீக்கடை பக்கத்தில் நிற்கும் 'கார்னர்' ஒருவிதமாகவும், துடைப்பத்தின் பக்கத்தில் நிற்பது வேறுவிதமாகவும் மாறும். பார்-ஹில்லெல் கேட்ட உலக அறிவும் ஓரளவு வந்திருக்கிறது. பெட்டியையும் பேனாவையும் பற்றி ஏராளமாகப் படித்ததில், எது பெரிது, எதற்குள் எது போகும் என்ற தடயங்களும் ஒட்டிக்கொள்கின்றன.

அக்கம்பக்கமே இல்லாவிட்டால்? பார்க்கிங் செயலி ஒன்றில் 'ஃப்ரீ' என்ற ஒற்றைச் சொல் மட்டும் மொழிபெயர்க்க வருகிறது. இடம் காலி என்றால் 'லீப்ரே', கட்டணம் இல்லை என்றால் 'க்ராதிஸ்'. மாற்றிப் போட்டால், காலியிடம் தேடி வந்தவர் காசு கட்டாமல் வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுவார். இந்த இடத்தில் அகராதியைப் புரட்டிப் பயனில்லை. அந்தச் சொல் எந்தத் திரையில் வருகிறது, ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டு எழுதுவார்.