நொய்ஷ்வான்ஷ்டைன்: பழங்கோட்டை வேடத்தில் ஒரு தொழிற்புரட்சிக் கட்டடம்

ஜெர்மனியின் பவேரிய ஆல்ப்ஸில், பாறை முகட்டில் நிற்கும் நொய்ஷ்வான்ஷ்டைனைப் பார்ப்பவர்கள் அதை 12ஆம் நூற்றாண்டுக் கோட்டை என்றே நினைப்பார்கள். அதற்கு அடிக்கல் நாட்டியதோ 1869 செப்டம்பர் 5ஆம் தேதி. பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் எதிரிக்குப் பயந்து இதைக் கட்டவில்லை. பீரங்கிகளின் காலத்தில் இந்த ஒல்லிக் கோபுரங்களால் ஆகப்போவதும் எதுவுமில்லை. முதல் தோற்றத்தை வரைந்தவர் கிறிஸ்டியன் யாங்க் என்ற நாடக மேடை ஓவியர். அந்தப் படத்தை உண்மையிலேயே நிற்கவைக்கும் வேலை எடுவார்ட் ரீடல், கெயோர்க் டோல்மன், யூலியுஸ் ஹோஃப்மன் ஆகிய மூன்று கட்டடக் கலைஞர்களிடம் அடுத்தடுத்து வந்து சேர்ந்தது.

முதலில் பாறை. உச்சியில் இருந்த பழைய சிறு கோட்டைகளின் இடிபாடுகளை அகற்றி, முகட்டையே வெடிவைத்து ஏறக்குறைய 8 மீட்டர் தாழ்த்தினார்கள். சாலையும் தண்ணீர்க் குழாயும் வந்த பிறகே அடித்தளம். பொருள்களை மேலேற்ற நீராவிக் கிரேன் இருந்தது. அதன் கொதிகலன்களை, அப்போது புதிதாகத் தோன்றியிருந்த கொதிகலன் ஆய்வுச் சங்கம் முறையாகச் சோதித்து வந்தது.

வெளியே வெள்ளைக் கல்லாகத் தெரியும் சுவர்கள் உள்ளே செங்கல்தான். அருகிலிருந்த குவாரியின் வெளிர் சுண்ணாம்புக்கல்லை மேலே போர்த்தியிருக்கிறார்கள். செதுக்கு வேலை மிகுந்த வாயில்களுக்கு வூர்ட்டெம்பெர்க் மணற்கல் வந்தது; சன்னல் தூண்களுக்கும் வளைவுகளுக்கும் சால்ஸ்பர்க் பக்கத்துப் பளிங்கு. 1879, 1880 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 465 டன் பளிங்கு, 1,550 டன் மணற்கல், 4,00,000 செங்கல், 600 டன் சிமென்ட், சாரம் கட்ட 2,050 கன மீட்டர் மரம் என்று செலவாகியிருக்கிறது.

பொறியியலில் சுவையான இடம் சிம்மாசன மண்டபம். பைசாந்தியத் (கிழக்கு ரோமப் பேரரசுப் பாணி) தேவாலயம் போன்ற இந்தக் குவிமாடப் பெருங்கூடத்தைத் தரைத்தளத்தில் கட்டியிருந்தால் சிக்கல் குறைவு. இங்கே அது மூன்றாம், நான்காம் தளங்களை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கல்லால் எழுப்பிய குவிமாடம் தன் எடையைக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். அதைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டும், அந்தச் சுவரைத் தாங்கக் கீழ்த்தளங்கள் இன்னும் தடிக்க வேண்டும். எஃகுச் சட்டகம் இந்தச் சங்கிலியை அறுத்தது. மண்டபத்தின் எலும்புக்கூடு எஃகு. அதன்மேல் காரை, வண்ணம், தங்கப்பூச்சு. நீலமும் செம்மையுமாக மின்னும் தூண்களும் விலையுயர்ந்த கல் அல்ல, கல்போல மெருகேற்றிய காரைதான். இதை ஏமாற்று என்று குறை சொல்வாருண்டு. என் கணக்கில் கட்டடத்தின் மிகப் புத்திசாலித்தனமான பகுதி இதுதான். 96 மெழுகுவத்திகள் கொண்ட சரவிளக்கு சுமார் 900 கிலோ எடை. மெழுகுவத்தி ஏற்ற வேண்டுமானால் அதையே கீழே இறக்கும் சுழல்பொறி மேலே உண்டு. அத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் சிம்மாசனம் மட்டும் வந்து சேரவே இல்லை.

வசதிகளும் அந்தக் காலத்துப் புதுமைகளே. எல்லாத் தளங்களிலும் குழாய்த் தண்ணீர் வந்தது. கழிவறைகளில் தண்ணீர் தானாகக் கொட்டியது. ஊற்று கோட்டையைவிட உயரத்தில் இருப்பதால் பம்ப் தேவைப்படவில்லை: ஒவ்வொரு 10 மீட்டர் உயரமும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். அறைகளுக்கு வெப்பக்காற்று. சூடேறிய காற்று அடர்த்தி குறைந்து, சுவருக்குள் விட்ட வழிகளில் தானே மேலேறும். சமையலறையில் இறைச்சிக் கம்பியை அடுப்பின் வெப்பமே சுழற்றியது. தீ கூடினால் சுழற்சியும் கூடும், இறைச்சி கருகாது. பணியாளரை அழைக்க மின்மணி, பேசத் தொலைபேசி, உணவுக்குத் தனி லிஃப்ட்.

1886 ஜூன் 13 அன்று மன்னர் ஷ்டார்ன்பெர்க் ஏரியில் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. 90 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிட்ட பெருங்கோபுரம் கட்டப்படவே இல்லை. மீதி வேலைகளை எளிமையாக்கி 1892இல் முடித்தார்கள். பொதுமக்களுக்கோ 1886 ஆகஸ்ட் மாதமே திறந்துவிட்டார்கள்.

இன்றைய தலைவலிகள் இரண்டு. சுண்ணாம்புக்கல்லின் நுண்துளைகளில் புகும் நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். மலைக்குளிரில் இது திரும்பத் திரும்ப நடந்து கல் செதில் செதிலாகப் பெயர்கிறது. அதனால் முகப்பைப் பகுதி பகுதியாகப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. இதைவிடக் கடினமானது அடித்தளம்: அடியிலுள்ள பாறையின் சில பகுதிகள் நகர்வதால், அசைவைத் தொடர்ந்து அளந்து பாறைச் சுவர்களை அவ்வப்போது உறுதிப்படுத்துகிறார்கள்.