நாளைக்கு நாலு நிமிடம்: தாய் முயல் பாலூட்டும் விதம்

வீட்டில் வளரும் முயல் முதன்முறை குட்டி போட்டதும் வளர்ப்பவர்களிடமிருந்து வரும் புகார் அநேகமாக ஒன்றுதான். "ராத்திரி குட்டி போட்டுச்சு. அதுக்கப்புறம் கிட்டவே போகல. மூலையில உக்காந்து புல்லு தின்னுக்கிட்டிருக்கு." பூனையும் நாயும் நாள் முழுக்கக் குட்டிகளை அணைத்துப் படுத்திருப்பதைப் பார்த்த கண்ணுக்கு இது கல்நெஞ்சமாகத்தான் தெரியும். உடனே வீட்டில் யாராவது பசும்பாலைக் காய்ச்சி, இங்க் ஃபில்லரில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். தாய் ஒழுங்காகப் பாலூட்டிக்கொண்டிருந்த குட்டிகள்கூட அந்த ஃபில்லரால் செத்துப்போவதுண்டு.

உண்மையில் அந்தத் தாய் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. முயலின் பாலூட்டல் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை, மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். அதுவும் பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ, நாம் தூங்கும்போது. சாரோ, டெனன்பர்க், ஆண்டர்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1965-ல் 'சயின்ஸ்' இதழில் இதை அளந்து எழுதினார்கள். சில தாய்கள் இரண்டாம் முறையும் குட்டிகள் இருக்கும் பெட்டிக்குள் போவதுண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் மீதி இருபத்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் குட்டிகள் தனியாகத்தான் கிடக்கின்றன.

இந்தப் பழக்கம் வளையிலிருந்து வந்தது. நாம் வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, அங்கோரா, குள்ள முயல் எல்லாவற்றுக்கும் மூதாதை ஒன்றே: ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியின் ஐரோப்பியக் காட்டு முயல். (நம் வயற்காட்டில் வெளிச்சம் பட்டதும் துள்ளி ஓடுகிற முயல் வேறு பேரினம். அது வளை தோண்டாது. அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும்.) ஐரோப்பிய முயல் தனியாக ஒரு சிறு வளை தோண்டி அதில் குட்டி ஈனும். பால் கொடுத்து வெளியே வந்ததும் வாயிலை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். அடிக்கடி போய்வந்தால் நரிக்கும் கீரிக்கும் வழி காட்டியதாகிவிடும். விலகி இருப்பதுதான் அங்கே காவல். கூண்டுக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. பாலூட்டியபின் பெட்டியின் வாயிலில் வெறுந்தரையைப் பறண்டிக்கொண்டு நிற்கும் தாய் முயலைச் சிலர் பார்த்திருக்கலாம். அது இல்லாத மண்ணைத் தள்ளி வாயிலை மூடிக்கொண்டிருக்கிறது!

நாலு நிமிடத்தில் ஒரு நாள் உணவை உறிஞ்சி முடிக்க வேண்டும் என்றால் குட்டிகளும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். கண்ணும் காதும் மூடி, ரோமமில்லாமல், 40 முதல் 60 கிராம் எடையில் பிறந்த குட்டிக்கு இது எப்படிச் சாத்தியம்?

முதலில், அதற்கு நேரம் தெரியும். தாய் வருவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாகவே குட்டிகள் பரபரக்கத் தொடங்கி, தாய் பிடுங்கிப் போட்டு மேலே மூடியிருக்கும் ரோமத்தை விலக்கிக்கொண்டு மேற்பரப்புக்கு வந்துவிடும். உடல் வெப்பமும் சற்று ஏறும். வெளிச்சமே படாத கூட்டில், தினமும் ஒரே வேளையில் கிடைக்கும் பால்தான் அவற்றின் உடற்கடிகாரத்தைச் சரிசெய்கிறது. ராபின் ஹட்சனும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது. தினமும் ஒரே நேரத்தில் கூட்டைச் சுத்தம் செய்து தீவனம் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தாயின் ஒழுங்கைக் குலைத்தால் குட்டிகளின் கடிகாரமும் சேர்ந்து குழம்பும்.

அடுத்தது வாசனை. தாய் படுத்துக் காட்டாது, நக்கி அழைக்காது; குட்டிகளுக்கு மேலே கால் பரப்பி நிற்கும், அவ்வளவுதான். குட்டிகள் மல்லாந்து, தலையை வேகவேகமாக ஆட்டித் தேடி, சில விநாடிகளில் காம்பைப் பிடித்துவிடும். பிரான்சின் திஷோன் நகரில் பெனுவா ஷால் குழுவினர் முயல் பாலிலிருந்து ஆவியாகும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, 2-மெத்தில்பூட்-2-ஈனல் என்ற ஒரே மூலக்கூறு இதைச் செய்விக்கிறது என்று 2003-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கண்ணாடிக் குச்சியின் நுனியில் அதைத் தடவி நீட்டினால், குட்டி அந்தக் குச்சியையே காம்பென்று கவ்வும். முயல் குட்டி யாரும் கற்றுக்கொடுக்காமலே இந்த வாசனைக்கு மசிகிறது. திட உணவுக்கு மாறும் வயதில் அந்த மயக்கம் தானாகத் தேய்ந்துவிடும்.

ஒரு காம்பையே சொந்தம் கொண்டாடும் பன்றிக் குட்டிகளைப் போல் அல்லாமல் முயல் குட்டிகள் காம்பு மாற்றி மாற்றிக் குடிக்கும். காம்புகள் வழக்கமாக எட்டு முதல் பத்து. குட்டி பத்து பன்னிரண்டு என்று போனால் நோஞ்சான்களுக்குக் கிடைக்காது. அதே வாரத்தில் ஈன்ற இன்னொரு முயல் இருந்தால் அதன் கூட்டில் இரண்டு மூன்றைச் சேர்த்துவிடலாம், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வளர்ப்பு முயலைப் பொறுத்தவரை வீண் பயம். கையை ஒருமுறை அதன் படுக்கைப் புல்லில் தேய்த்துக்கொண்டு தொட்டால் போதும்.

ஆகவே தாய் பால் கொடுத்ததா என்று தெரிந்துகொள்ள அதைக் காவல் காக்க வேண்டாம், குட்டியின் வயிற்றைப் பார்த்தால் போதும். தினமும் காலையில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வயிறு உருண்டையாக, தோலுக்குள் வெள்ளையாகப் பால் தெரிந்தால் கவலை இல்லை. ஒரே வேளையில் தன் எடையில் கால் பங்கு வரை குடிக்கக்கூடிய ஜீவன் அது. வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, தொட்டால் சளைக்காமல் துள்ளிக்கொண்டிருந்தால் பால் கிடைக்கவில்லை. ஈன்ற முதல் நாள் பால் சற்றுத் தாமதமாகலாம். இரண்டாம் நாளும் இப்படியே இருந்தால், தாயைப் பெட்டிக்குள் குட்டிகள் மேல் நிற்க வைத்துத் தடவிக் கொடுத்துப் பாருங்கள், மருத்துவரிடமும் பேசுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம்: பூனையைப் போல முயல் குட்டியை வாயில் கவ்வித் தூக்காது. காம்பைக் கவ்வியபடியே வெளியே இழுபட்டு விழுந்த குட்டி அங்கேயே குளிரில் விறைத்துக் கிடக்கும், தாய் பக்கத்திலேயே புல் மென்றுகொண்டிருக்கும். ஈனும் பெட்டியின் வாயில் தரையோடு இல்லாமல் ஒரு சாண் அளவுக்குப் படி வைத்து இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். விறைத்த குட்டியை உள்ளங்கையில் வைத்து மெல்லச் சூடேற்றிவிட்டுத்தான் கூட்டில் விட வேண்டும்.

இனி பால். நாளைக்கு ஒரே வேளை என்றால் அந்தப் பால் சாதாரணமாக இருக்க முடியாது. பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 விழுக்காடு, புரதம் 3.3, பால்சர்க்கரை கிட்டத்தட்ட 5. முயல் பாலில் கொழுப்பும் புரதமும் தலா 12 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். சர்க்கரை 2-ஐத் தாண்டுவதே அரிது. பிறந்த எடை ஒரே வாரத்தில் இரட்டிப்பாவது இதனால்தான். மனிதக் குழந்தைக்கு இதற்கு நாலைந்து மாதம் ஆகிறது. இந்தக் கணக்கில் பசும்பாலைக் கொடுத்தால் நடப்பது இரண்டு: வயிறு நிறைந்தாலும் ஊட்டம் நிறையாது; பழக்கமில்லாத சர்க்கரை குடலில் புளித்துக் கழிச்சலாகும்.

இதைவிட நுட்பமான ஒரு காவலும் உண்டு. வளர்ந்த முயலின் இரைப்பையில் அமிலம் மிகக் கடுமையாக இருக்கும், கிருமி எதுவும் எளிதில் தப்பாது. பால் குடிக்கும் குட்டிக்கு அந்த அமிலம் இன்னும் வந்திருக்காது. அதற்குப் பதிலாக, குட்டியின் வயிற்று நொதி தாய்ப்பாலின் கொழுப்பைப் பிரித்து எட்டு கரிம, பத்து கரிமக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. அவை கிருமிகளை ஒடுக்கும். இந்தப் பாதுகாப்பு தாய்ப்பால் குடித்தால் மட்டும்தான். தாயில்லாக் குட்டியைப் புட்டிப் பாலில் காப்பாற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்பது இப்போது புரியும். வேறு வழியே இல்லை என்றால், பூனைக்குட்டிகளுக்கான பால்மாவை மருத்துவர் சொல்லும் அளவில், நாளைக்கு இரண்டு முறை மட்டும், குட்டியை மல்லாத்தாமல் குப்புற வைத்தபடியே சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்கள். இரண்டு மணிக்கொரு தரம் ஊட்டுவது பாசமாகத் தோன்றும்; நுரையீரலுக்குள் பால் போகும் ஆபத்தைத்தான் அது கூட்டுகிறது.

இத்தனை கெட்டியான பாலை உற்பத்தி செய்யும் உடம்பை நினைத்துப் பாருங்கள். நாலு கிலோ எடையுள்ள நியூசிலாந்து வெள்ளை முயல் முதல் நாள்களில் 30 முதல் 50 கிராம் பால் சுரக்கும். மூன்றாம் வாரத்தில் அது 200, 250 கிராம் வரை ஏறும். எடைக்கு எடை பார்த்தால் நல்ல கறவை மாட்டுக்கு இணை, கொழுப்பும் புரதமும் அதற்கு மூன்று மடங்கு. அந்த நாள்களில் தாயின் தீவனம் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தேவைப்படும். அளந்து வைக்கும் பழக்கத்தை அப்போதைக்கு மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் ஈன்ற அன்றே குவித்து வைக்காமல் நாலைந்து நாளில் படிப்படியாக ஏற்ற வேண்டும். முயலின் சீக்கம் என்ற பெரிய குடற்பையில் நொதித்தல் நடத்தும் நுண்ணுயிர்களுக்குத் திடீர் மாவுச்சத்து ஆகாது.

அடிப்படை உணவு எப்போதும்போல நார்தான். உலர்ந்த புல் எந்நேரமும் இருக்க வேண்டும். அருகம்புல், கோ-4 போன்ற தீவனப்புல் கிடைத்தால் நல்லது. வைக்கோல் வயிற்றை நிரப்பும், பாலாக மாறாது. அதற்கு மேல் 17, 18 விழுக்காடு புரதமுள்ள அடர்தீவனம். பிறகு பயறு வகைத் தழைகள்: குதிரை மசால், வேலிமசால், கல்யாண முருங்கை, அகத்தி. சும்மா இருக்கும் வளர்ந்த முயலுக்குக் குதிரை மசாலை அதிகம் போடாதீர்கள் என்று மருத்துவர்கள் எச்சரிப்பார்கள், காரணம் சுண்ணாம்புச் சத்து. முயலின் குடல் தீனியில் இருக்கும் சுண்ணாம்பை வேண்டுமோ வேண்டாமோ உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். சிறுநீர் சுண்ணாம்புத் தண்ணீர் போலக் கலங்கி வருவது அதனால்தான். பாலூட்டும் தாய்க்கோ அந்தச் சுண்ணாம்பு பாலுக்குத் தேவைப்படுகிறது. மற்ற நாளில் அளவோடு கொடுத்த அதே தழை இப்போது மருந்து. சவுண்டல் இலையை மட்டும் தள்ளி வையுங்கள், அதில் உள்ள மிமோசின் என்ற நச்சு ரோமத்தை உதிர்க்கும்.

தண்ணீர்தான் நம் ஊரில் பலர் கோட்டைவிடும் இடம். பெரிய இன முயலும் குட்டிகளும் சேர்ந்தால் நாளைக்கு ஒரு லிட்டரை நெருங்கும். தண்ணீர்ப் புட்டியின் முனையில் உள்ள உருண்டை அடைத்துக்கொண்டு ஒரு பகல் தண்ணீர் வராமல் போனால் அன்றே தீனி குறையும், மறுநாள் பால் குறையும். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் முயல்களைப் பராமரிக்கிறது என்றால் அந்தக் குளிர் ஒரு முக்கியக் காரணம். சமவெளியில் 32 டிகிரியைத் தாண்டினால் வியர்க்கத் தெரியாத முயல் தீனியைக் குறைத்துக்கொள்ளும். அதனால் கோடையில் முக்கியத் தீவனத்தை அந்தி சாய்ந்தபின் வையுங்கள். குட்டிகளுக்கும் அப்போது பிரச்சினை குளிரல்ல, வெக்கை. தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்தும், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தும் சூடு காக்கிற குட்டிகள், வெக்கை தாங்காமல் தனித்தனியாக விலகி மல்லாந்து கிடந்தால் தாய் பிடுங்கிப் போட்ட ரோமத்தில் பாதியை எடுத்துவிடுங்கள். கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். புதுக் குட்டிக்கு நம் ஊரில் எறும்பைவிடக் கொடிய எதிரி இல்லை.

தாயின் மடி ஒன்று சிவந்து, சூடாகிக் கல்லாக இறுகி, தாய் தீனியைத் தொடாமல் இருந்தால் மடிநோய். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை வாய் வழியே கொடுத்துவிடாதீர்கள். அது முயலின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து உயிருக்கே உலை வைக்கும்.

பத்தாம் நாளை ஒட்டிக் கண் திறக்கும். அந்த வாரத்தில் பெட்டிக்குள் கிடக்கும் தாயின் புழுக்கைகளைக் குட்டிகள் கொறிப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பாலூட்ட வரும்போது தாய் நாலைந்து புழுக்கைகளை விட்டுப்போவது வழக்கம். குட்டியின் குடலுக்குத் தேவையான நுண்ணுயிர்கள் அவ்வழியாகவும் போய்ச் சேருகின்றன. நனைந்த புல்லை மாற்றுங்கள், பெட்டியைக் கழுவித் துடைத்து வைக்க வேண்டாம். தாய் தின்ற தீனியின் வாசனையும் பாலோடும் புழுக்கையோடும் குட்டிக்குப் போகிறது. தாய்க்கு ஜூனிப்பர் செடியைக் கொடுத்து வளர்த்த குட்டிகள், பின்னால் அதே செடியை விரும்பித் தின்றதை ஹங்கேரிய ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினார்கள். எனவே குட்டிகள் பிற்பாடு எந்தத் தழையைத் தின்ன வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதைத் தாய்க்கு இப்போதே கொடுங்கள்.

பதினெட்டு, இருபதாம் நாளில் குட்டிகள் பெட்டியை விட்டு இறங்கிப் புல்லைக் கொறிக்கும். தாயின் பால் வற்றத் தொடங்குவதும் மூன்றாம் வாரத்துக்குப் பின்தான். வயிற்றில் பால் காவல் குறைந்து அமிலக் காவல் முழுமையாகாத இந்த இடைவெளியில்தான் கழிச்சல் அதிகம் தாக்கும். வீட்டில் வளர்ப்பவர்கள் ஐந்து, ஆறு வாரத்துக்கு முன் குட்டிகளைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். புதுத் தழை எதையும் ஒவ்வொன்றாக, சிறுகச் சிறுக அறிமுகப்படுத்துங்கள்.

ஆண் முயல் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அது ஈனும் நாளுக்கு முன்பே வேறு கூண்டுக்குப் போயிருக்க வேண்டும். முயலுக்கு மாதச் சுழற்சி கிடையாது, இணைசேர்ந்த பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முட்டை வெளிப்படும். ஈன்ற அதே நாளில்கூட மறுபடி சினைபிடிக்கும். சினைக்காலம் 31 நாள் என்பதால், கையில் இருக்கும் குட்டிகள் பால் மறப்பதற்குள் அடுத்த ஈற்று வந்து நிற்கும். குட்டிகளையும் பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குள் ஆண், பெண் பார்த்துத் தனித்தனியே பிரித்துவிடுங்கள். சிறு இனங்கள் நாலு மாதத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும்.