நிலச்சரிவு: மண்ணே இல்லாத நிலவுகளில் இச்சொல் நிற்குமா?

தொப்பூர்க் கணவாயில் இறங்கும் ஓட்டுநருக்குச் 'சரிவு' என்பது சாய்ந்த சாலை. ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையில் அதுவே விலை வீழ்ச்சி. கேழ்வரகுக் களத்தில் நிற்பவருக்கோ அம்பாரத்தின் ஒரு பக்கம் நழுவி இறங்குவது. 'சரி' என்னும் வினை சாய்தலையும் நழுவுதலையும் சேர்த்தே சுட்டுவதால், இடத்துக்கும் நிகழ்வுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டது. பேச்சில் இதனால் இடர் இல்லை. அறிவியல் எழுத்தில் இடத்தைச் 'சாய்வு' என்றும் நிகழ்வை மட்டும் 'சரிவு' என்றும் பிரித்து எழுதுவதே தெளிவு.

பிற கோள்களிலும் அவற்றின் நிலவுகளிலும் காணப்படும் சரிவுகளுக்குப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 'லேபிஸ்' என்னும் இலத்தீன் சொல்லை வைத்திருக்கிறது. செவ்வாயில் உள்ள 'ஓஃபிர் லேபிஸ்' அவ்வாறு பெயர் பெற்றதே. 'நழுவு' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து அது பிறந்தது. ஜெர்மானியர் பனிச்சரிவைக் குறிக்கும் 'லவீனே' என்னும் சொல்லும் அதே வேரினது. எது நழுவுகிறது என்பதை 'லேபிஸ்' சொல்வதில்லை; நழுவியது என்பதை மட்டுமே சொல்கிறது.

நாமோ பொருளையும் சேர்த்துச் சொல்லிப் பழகியவர்கள்: மண்சரிவு, பாறைச்சரிவு, பனிச்சரிவு. சனிக்கோளின் ஐயாப்பெட்டஸ் நிலவுக்கு இவற்றுள் எது பொருந்தும்? 1671-இல் வானியலாளர் காசினி கண்டறிந்த அந்நிலவு பெரும்பாலும் நீர்ப்பனிக்கட்டியால் ஆனது. அதன் நடுக்கோட்டை ஒட்டி ஓடும் மலைத்தொடர் சில இடங்களில் ஏறத்தாழ 20 கி.மீ. உயரம் எழுகிறது. அங்கே மண் இல்லை என்பதால் 'மண்சரிவு' பொருந்தாது. 'பனிச்சரிவு' என்றால் நம் மனத்தில் இமயத்தின் மென்பனி எழும். தருமபுரிக்காரருக்குப் பனி என்பதே மார்கழி விடியலில் அவரைக்கொடியில் நிற்கும் ஈரம். ஐயாப்பெட்டஸின் பனிக்கட்டியோ சுழியத்துக்குக் கீழே 140 பாகையைத் தாண்டிய குளிரில், நம் கரடுகளின் கல்லைப்போல் இறுகி நிற்பது. ஆகவே அச்சொல் படிப்பவரைத் தவறான காட்சிக்கு இட்டுச் செல்லும்.

என் தேர்வு 'நிலச்சரிவு' என்பதே. 'நிலம்' என்பதை 'நில்' என்னும் வேரோடு சேர்த்துப் பொருள் காண்பது வழக்கம். அவ்வாறு கொண்டால், காலூன்றி நிற்கத் தக்க பரப்பு கல்லாயினும் பனிக்கட்டியாயினும் நிலமே. பனிக்கட்டியைச் சுட்டியே ஆகவேண்டிய இடத்தில் 'பனிக்கட்டி நிலச்சரிவு' என விரித்து எழுதலாம்.

இதனோடு இன்னொரு சொல்லும் நமக்குத் தேவைப்படுகிறது. கேழ்வரகு அம்பாரத்தின் அடியில் ஒரு கை அள்ளினால் மேலிருக்கும் மணிகள் சரசரவென்று இறங்கி, சற்றுத் தள்ளி நின்றுவிடும். உலர்ந்த பொருள் சரியும்போது, விழுந்த உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் குறைவான தொலைவே ஓடும் என்பது பொதுவான அளவு. காசினி விண்கலப் படங்களை ஆராய்ந்த கெல்சி சிங்கர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்விலோ, ஐயாப்பெட்டஸின் பெருஞ்சரிவுகள் பல, விழுந்த உயரத்தைப்போல் பல மடங்கு தொலைவு ஓடியிருக்கின்றன. ஈர்ப்பு குறைவு என்பதால்தான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் குறைந்த ஈர்ப்பு, தள்ளும் விசையைக் குறைப்பதுபோலவே உராய்வையும் அதே விகிதத்தில் குறைப்பதால், அது மட்டும் விடையாகாது. விரைந்து உரசும் பனிக்கட்டித் துகள்களின் தொடுமுனைகள் நொடிப்பொழுதில் சூடேறி வழுக்கலாகியிருக்கலாம் என்பது அக்குழுவினர் முன்வைத்த விளக்கம். அடியிலிருந்து நெடுந்தொலைவு ஓடி நிற்கும் இவ்வகையை 'நெட்டோட்டச் சரிவு' என்று அழைக்கப் பரிந்துரைக்கிறேன்.

2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த படங்களில், புளூட்டோவின் நிலவாகிய சாரனிலும் இத்தகைய சரிவுகள் தெரிந்தன. அவற்றைத் தமிழில் எழுதும்போது, 'சாரனின் பள்ளத்தாக்குச் சாய்விலிருந்து இறங்கிய நெட்டோட்ட நிலச்சரிவு' என்று எழுதினால் இடமும் நிகழ்வும் தனித்தனியே விளங்கும்.