கறுப்பு உடல், வெள்ளை வரி: கட்டுவிரியனா, ஓநாய்ப் பாம்பா?

வடகிழக்குப் பருவமழை பிடித்து, கெடிலமும் தென்பெண்ணையும் கரை தொட்டு ஓடத் தொடங்கியதும், கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வீடுகளில் பாம்பு நுழைந்த செய்தி அடுத்தடுத்து வரும். வளைகளில் தண்ணீர் புகுந்துவிடுவதால் எலியும் தவளையும் மேட்டைத் தேடி வருகின்றன. அவற்றின் பின்னால் பாம்பும் வருகிறது. இப்படி வருபவற்றில் நல்ல பாம்பையும் கண்ணாடி விரியனையும் ஊர்ப் பெரியவர்கள் பெரும்பாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். அவர்களையும் தயங்க வைப்பது, இரவில் சுவரோரமாகக் கிடக்கும், கறுத்த உடலில் வெள்ளை வரிகள் ஓடிய, இரண்டு முழத்துக்கு உட்பட்ட பாம்புதான். அது நாட்டிலேயே மிகக் கொடிய நஞ்சுள்ள பாம்புகளில் ஒன்றான கட்டுவிரியனாக இருக்கலாம். பல்லியையும் சிறு எலியையும் பிடித்துத் தின்று வாழும், நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பாகவும் இருக்கலாம். வெள்ளிக்கோல் வரையன் என்பது இந்த இரண்டாவது பாம்பின் இன்னொரு பெயர்.

இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல என்று கருதும் உயிரியலாளர்கள் உண்டு. நஞ்சற்ற உயிர் ஒன்று நஞ்சுள்ள உயிரின் தோற்றத்தை ஒத்திருந்தால், அதைத் தின்ன வரும் விலங்கு ஒதுங்கிப் போகும். தலைமுறை தலைமுறையாக அந்தத் தோற்றம் உள்ளவையே கூடுதலாகப் பிழைத்து, ஒற்றுமை இன்னும் நெருக்கமாகும். ஆந்தையை ஏமாற்றும் இந்த வேடம் மனிதரிடம் மட்டும் எதிர்மாறாக வேலை செய்கிறது. கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துக் கொல்லப்படும் ஓநாய்ப் பாம்புகள் ஏராளம். ஓநாய்ப் பாம்புதானே என்று கட்டுவிரியனைக் கையில் எடுப்பது அதைவிட மோசமான தவறு.

வேறுபாட்டைத் தேடுகிறவர்கள் முதலில் வரிகளின் போக்கைப் பார்க்க வேண்டும். ஓநாய்ப் பாம்பின் வரி கழுத்தருகிலேயே அகலமான பட்டையாகத் தொடங்கி, வாலை நோக்கிப் போகப் போக மெலிந்து மங்கிவிடும். கட்டுவிரியனில் இது தலைகீழ். வளர்ந்த கட்டுவிரியனின் கழுத்துப் பகுதியில் வரியே தென்படாமலும் இருக்கலாம். உடலில் சற்றுத் தள்ளித்தான் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பல இடங்களில் இரண்டிரண்டாக, தொடங்கும். வாலை நெருங்க நெருங்க அவை தெளிவாகும். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. கட்டுவிரியன் குட்டிகளுக்குக் கழுத்தருகிலும் வரி தெளிவாக இருக்கும். முதிர்ந்தவற்றில் கோடுகள் உடைந்து வெறும் புள்ளிகளாகத் தேய்ந்திருக்கலாம். வரியே இல்லாமல் பழுப்பாகத் திரியும் ஓநாய்ப் பாம்புகளும் உண்டு.

நிறம் இப்படி மாறுவதால்தான் பாம்பியலாளர்கள் செதிலை நம்புகிறார்கள். கட்டுவிரியனின் முதுகெலும்புக்கு நேர் மேலே, கழுத்து முதல் வால் வரை ஓடும் ஒற்றை வரிசைச் செதில்கள், பக்கத்துச் செதில்களைவிடத் தெளிவாகப் பெரியவை. தேன்கூட்டு அறைகளைப் போல ஆறு பக்கம் கொண்டவை. ஓநாய்ப் பாம்புக்கு முதுகுச் செதில்களும் பக்கத்துச் செதில்களும் ஏறக்குறைய ஒரே அளவு. உயிருள்ள பாம்பில் இதைக் காணக் கிட்டத்தில் போகத் தேவையில்லை. கைப்பேசியில் தொலைவிலிருந்து எடுத்த தெளிவான படத்தைப் பெரிதாக்கினாலே போதும்.

அதைவிடப் பாதுகாப்பான பாடம் ஒன்று தோட்டத்து மூலையிலோ விறகு அடுக்கிலோ அவ்வப்போது கிடைக்கும். அது பாம்பு உரித்துப் போட்ட சட்டை. சட்டையில் நிறம் அநேகமாக நிற்காது, ஆனால் செதிலின் அச்சு அப்படியே இருக்கும். உலர்ந்த சட்டையைத் தண்ணீரில் நனைத்து விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், கட்டுவிரியனின் சட்டையில் நடு முதுகில் அந்த அறுகோண வரிசை தனியாகத் தெரியும். வாலின் அடிப்புறத்தையும் பார்க்கலாம்: கட்டுவிரியனுக்கு அங்கே ஒவ்வொரு வரிசையிலும் பிளவில்லாத ஒரே செதில், ஓநாய்ப் பாம்புக்கு இரண்டாகப் பிளந்த சோடிச் செதில்கள். பிளவில்லாத செதில் என்றாலே நஞ்சு என்று இதை நீட்டிவிடக் கூடாது. நல்ல பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் வாலடிச் செதில் பிளந்தே இருக்கிறது.

பாம்பு இருக்கும் இடமும் ஒரு குறிப்பைத் தரும். குழல் விளக்கைச் சுற்றிப் பூச்சி, பூச்சியைத் தின்னப் பல்லி, பல்லியைத் தின்ன ஓநாய்ப் பாம்பு என்ற சங்கிலி பல வீடுகளில் நடக்கிறது. சொரசொரப்பான சுவரிலும் சன்னல் கம்பியிலும் அது எளிதாக ஏறும். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடு தரையாகத் திரிவது; மற்றப் பாம்புகளையும் எலிகளையும் இரையாகக் கொள்வது. பகலில் சீண்டினால் பல சமயம் தலையை உடல் சுருளுக்குள் மறைத்துச் சோம்பிக் கிடக்கும். அதைச் சாது என்று எடுத்துக்கொள்வது ஆபத்து, ஏனெனில் இரவில் அதன் போக்கே வேறு.

ஊரில் வழங்கும் பல அடையாள விதிகள் உதவாதவை. தலை முக்கோணமாக இருந்தால்தான் நஞ்சு என்பது விரியன்களுக்குப் பொருந்தும். பெயரில் விரியன் இருந்தாலும் அந்த வகையைச் சேராத கட்டுவிரியனுக்கும், நல்ல பாம்புக்கும் தலை கழுத்தைவிட அதிகம் அகன்றிருக்காது. சாரைதான் நல்ல பாம்புக்கு ஆண் என்பதும் தவறு. இரண்டும் வெவ்வேறு இனங்கள், பின்னிப் பிணைந்து எழும்பும் இரு சாரைகள் பெரும்பாலும் சண்டையிடும் ஆண்கள். தன்னிடம் கடிபட்டவரின் சிதையில் புகை எழுகிறதா என்று மரமேறிப் பார்ப்பதாகச் சொல்லப்படும் கொம்பேறி மூக்கனுக்கு மனிதரைக் கொல்லும் நஞ்சே கிடையாது. மண்ணுளிப் பாம்பு கண்ணாடி விரியன் குட்டியாகத் தோன்றுவதும் வழக்கமான குழப்பம். கண்ணாடி விரியனின் முதுகில் கருவிளிம்பிட்ட வட்டங்கள் ஒழுங்கான மூன்று வரிசையில் இருக்கும். மண்ணுளியின் திட்டுகள் ஒழுங்கற்றவை, அதன் வாலோ குட்டையானது.

படம் எடுக்கிறவர் பாம்பின் முழு நீளத்தைவிட அதிகத் தொலைவில் நிற்க வேண்டும். முதுகும் தலையின் பக்கவாட்டும் தெரிய இரண்டு படம் போதும். பிறகு அது எங்கே போகிறது என்று ஒருவர் கண் வைத்திருக்க, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், பிடித்து வைத்துக்கொள்வதற்கும் கொல்வதற்கும் இடமில்லை.

கடித்துவிட்டால் அடையாளம் காணும் வேலையை அங்கேயே விட்டுவிடலாம். 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவதுதான் வேலை. பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோவதால் நேரம் போவதோடு, இரண்டாவது ஆளும் கடிபடலாம். இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாராவது. அதற்கு வேண்டிய நஞ்சை, 1978இல் தொடங்கிய, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. மருத்துவர் பார்ப்பது பாம்பை அல்ல, உடலில் தோன்றும் குறிகளையே. நோயாளியின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, அது உறையவில்லை என்றால் விரியன் நஞ்சு என்று ஐயுறுகிறார். கட்டுவிரியன் கடியில் இரத்தம் வழக்கம்போல உறைந்துவிடும். கடிவாயில் வீக்கமோ வலியோ அநேகமாக இராது, பற்குறிகூடத் தெரியாமல் போகலாம். ஆகவே தரையில் படுத்துறங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, இமை தாழ்ந்து, பேச்சுக் குழறி வந்தால், பாம்பை எவரும் பார்த்திராவிட்டாலும் மருத்துவர் கட்டுவிரியனையே முதலில் நினைப்பார்.