வேகம் ஏற்றினால் பளபளப்பு வராது: வீட்டில் கடைசல் லேத் கட்டுவோர் கவனத்திற்கு

தக்கலையில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் வடிவம் கொடுக்கும் மரக்கடைசல் லேத்துகளைப் பழுதுபார்ப்பதும் புதிதாகக் கட்டிக் கொடுப்பதும் என் தொழில். பலாவும் அயனியும் தேக்கும் ரப்பர் மரமும் வீட்டு விளையிலேயே கிடைக்கும் குமரி மாவட்டத்தில், தாமே லேத் கட்டி அலங்காரக் கடைசல் பழக விரும்பும் இளைஞர்கள் பெருகி வருவது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தருகிறது. ஆனால் கன்னத்தில் தையலோடு ஒருவர் தம் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருவதை அண்மையில் மீண்டும் ஒருமுறை பார்த்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் 10 அங்குல ரப்பர் மரத் துண்டை ஃபேஸ்பிளேட் எனும் வட்டத் தகட்டில் திருகி, நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடும் மோட்டாரின் தண்டிலேயே நேராக மாட்டியிருந்தார். மரம் பிளந்து, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டை உடைத்து, பாதித் துண்டு முகத்தில் அடித்திருக்கிறது. கண் தப்பியது. இவ்வளவுக்கும் பிறகு அவர் என்னிடம் கேட்டது, “அண்ணே, கனமான மேசை போட்டால் ஆடாமல் ஓடுமா?” என்பதுதான். வேகத்தைக் குறைக்கச் சொன்னபோது, “குறைத்தால் ஃபினிஷிங் வராதே அண்ணே” என்றார். இதே பதிலை நான் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்!

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். அலங்காரக் கடைசலில் கட்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று ஓடுகிறது என்று எங்கோ கேட்டிருப்பார்கள்; அது உண்மையே. ஆனால் அங்கே சுழல்வது கட்டர், மரம் அன்று. மலர் இதழ், வலைப்பின்னல், சுருள் போன்ற வடிவங்களை வெட்டும்போது மரத்துண்டு, சம இடைவெளியில் துளையிட்ட வட்டத் தட்டான இண்டெக்ஸ் பிளேட்டின் ஊசியால் பூட்டப்பட்டு அசையாமல் நிற்கும், அல்லது கையால் திருப்பும் அளவுக்கு மெதுவாக நகரும். நகரும் தாங்கியான ஸ்லைடில் பொருத்திய சிறிய கட்டர் மட்டுமே வேகமாகச் சுழன்று கோடு இடும். 10 மில்லிமீட்டர் வட்டத்தில் சுழலும் கட்டர் பத்தாயிரம் சுற்று ஓடினாலும் அதன் நுனி நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர்தான் நகர்கிறது. 10 அங்குலக் கிண்ணத்தை 1440 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு நொடிக்கு 19 மீட்டர், அதாவது மணிக்கு 69 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 2880 சுற்றில் அது 138 கிலோமீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் மரத்தைப் பிய்த்தெறியும் விசை நான்கு மடங்காகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்போ பட்டை ஒட்டிய ஓரமோ இருந்தால், அந்த நான்கு மடங்கு விசை முதலில் அங்கேதான் வேலை செய்யும்.

1790-களில் லண்டனில் ஹோல்ட்சாப்ஃபெல் நிறுவனம் செய்து விற்கத் தொடங்கிய அலங்கார லேத்துகள், இன்றும் இந்தக் கலையின் உச்சமாகப் போற்றப்படுபவை, காலால் மிதித்து ஓட்டப்பட்டவை. மிதிகட்டையில் வந்த நேர்த்தி உங்கள் மோட்டாரில் வராமல் போவதற்கு வேகக் குறைவு காரணமாக இருக்க முடியாது என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பளபளப்பு உளியின் கூரிலிருந்து வருகிறது. மழுங்கிய உளி நாரை வெட்டாமல் பிய்க்கிறது. பிய்ந்த நாரை வேகம் கூட்டிச் சரிசெய்ய முடியாது. மேசைக்கால் போன்ற நீளவாட்டு வேலையில் பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்தை நோக்கி வெட்ட வேண்டும். எதிர்த்து வெட்டினால் எந்த வேகத்திலும் நார் எழும்பும். சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ளாமல் லேத் கட்ட இறங்குபவர்களிடம் நான் முதலில் உளியைக் காட்டச் சொல்வது இதனால்தான். முக்கால்வாசிப் பேரின் உளியைப் பார்த்ததுமே குறை எங்கே என்பது விளங்கிவிடும்.

வேகத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் விடை 6000-க்கும் 9000-க்கும் இடையில் இருக்க வேண்டும். 10 அங்குலத்துக்கு 600 முதல் 900 வரை. கரடுமுரடான மரத்தை உருட்டி எடுக்கும்வரை அதற்கும் கீழே. மையம் விலக்கிப் பிடிக்கும் எக்சென்ட்ரிக் சக் என்ற பிடிப்பானை மாட்டினால் இந்தக் கணக்கே பொருந்தாது. எடை ஒரு பக்கம் ஏறியிருப்பதால் கையால்தான் திருப்ப வேண்டும்.

எனவே மோட்டார் வாங்கும்போது நேம் பிளேட்டில் 1440 என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, மரத்தைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் 4 அங்குலப் புல்லி, நடுவே ஒரு வி-பெல்ட். 720 சுற்று கிடைத்துவிடும். மிக்சி மோட்டாரும் கைக் கிரைண்டரும் இந்த வேலைக்கு ஆகவே ஆகா. ஃபேன் ரெகுலேட்டரை வைத்து இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது என்பதால், சுமை ஏறியதும் அது திணறிச் சூடேறி எரியும். (காயில் சுற்றும் கடைகளுக்கு இதனால் வருமானம், உங்களுக்கு இழப்பு.)

ஸ்பிண்டிலுக்கு இரண்டு பிளம்மர் பிளாக் பேரிங்குகளை இடைவெளி விட்டு வைப்பதும், லேத்தின் அடிச்சட்டமான பெட்டுக்கு இரும்புச் சேனல் போடுவதும் பெரும்பாலோர் சரியாகவே செய்கிறார்கள். பெல்ட்டின் மேல் மூடி போடுவதைத்தான் மறக்கிறார்கள். இண்டெக்ஸ் பிளேட்டில் 96 துளை போடுவோர், அதில் ஐந்து இதழ் வராது என்பதைப் பிறகே உணர்கிறார்கள். 120 துளை போட்டால் ஐந்தும் வரும், எட்டும் வரும், பன்னிரண்டும் வரும். பாதுகாப்புக்கு அதைவிட முக்கியமானது, ஊசி துளைக்குள் இருக்கும்போது மோட்டாரின் பிளக் சுவரில் இருக்கக் கூடாது என்பது. கை தவறிச் சுவிட்ச் விழுந்தால் ஊசி ஒடியும், இல்லையேல் பெல்ட் புகையும். இரண்டின் அருகிலும் உங்கள் விரல்கள் இருக்கும்.

சாதாரணச் சுவிட்ச் வேண்டாம். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது, நீங்கள் மரத்தைக் கையில் பிடித்து அளந்துகொண்டிருக்கும் நேரத்தில் லேத் தானாக ஓடத் தொடங்கும். தண்ணீர் மோட்டாருக்குப் போடும் டிஓஎல் ஸ்டார்ட்டரை மோட்டாருக்கு ஏற்ற அளவில் வாங்கிப் போட்டால், பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை அது ஓடாது. எர்த் கம்பி இல்லாமல் இரும்பு லேத்தைத் தொடாதீர்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் இருக்கட்டும்.

கையுறை போட்டால் கை தப்பும் என்று நம்பாதீர்கள். சுழலும் மரம் கையுறையின் நுனியைப் பிடித்தால், கையையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். சாரம் (கைலி) கட்டிக்கொண்டும், தோளில் தோர்த்து (துண்டு) போட்டுக்கொண்டும் லேத் முன் நிற்க வேண்டாம். மோதிரத்தையும் கைக்கயிற்றையும் கழற்றுங்கள். மெழுகு தேய்க்கத் துணியை விரலில் சுற்றக் கூடாது, கிழியும் காகிதம் போதும். உப்புத்தாள் போடும் முன் டூல் ரெஸ்டைக் கழற்றிவிடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. எனவே தூசிக்கான முகமூடியும், முகம் முழுவதையும் மறைக்கும் பாலிகார்பனேட் கவசமும் வேண்டும். வெறும் கண்ணாடி கன்னத்தைக் காக்காது.

வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். கைபேசியில் படம் எடுப்பதற்காகத் தம்பி தங்கைகள் லேத்தின் எதிரில் நிற்பதைப் பார்க்கிறேன். பிளந்த மரம் சுழலும் தளத்திலேயே பறக்கும். மரத்துக்கு நேர் முன்னும் பின்னும் மேலும் உள்ள அந்தக் கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள். சுவிட்சைப் போடும்போது நீங்களும் மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் ஒதுங்கி நின்று, மரத்தை முதலில் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.